அண்டா மூடியில் முப்பத்தேழு எழுத்து

இரண்டு கொடிகளைக் குறுக்காக வைத்துத் தைத்த ஒரு துணிச் சின்னம் என்னிடம் இருக்கிறது. மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் வைத்திருந்த தொண்டர் படையில் சிக்னல் பிரிவில் இருந்தவர்கள் சட்டைக் கையில் அணிந்துகொள்வது. தூரத்திலிருந்து விளக்காலும் கொடியாலும் வரும் செய்தியைப் படித்துச் சொல்வது எங்கள் வேலை. ஜப்பான்காரன் வந்தபோது சட்டையை எரித்துவிட்டேன். சின்னத்தை மட்டும் பிரித்துத் தலையணைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டேன். இப்போது அதைப் பார்க்கிறவர்கள், இங்கிலீஷ் தெரியாத உனக்கு இது எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பதினாறு வயதில் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே யார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டி நம்பர் எடுக்கிற வேலை. சரக்கு வண்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் சில இங்கிலீஷ் எழுத்துகளும் நம்பரும் வெள்ளைச் சாயத்தில் இருக்கும். எஞ்சின் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் ஓரத்தில் நின்று அவற்றைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினால் கிள்ளானுக்குப் போக வேண்டிய சிமெண்டு ஈப்போவுக்குப் போய்விடும். அந்த எழுத்துகளின் பெயர்கள் எனக்குத் தெரியும். அவற்றைச் சேர்த்தால் என்ன சொல் வரும் என்று தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சேறு படிந்தோ, குறுக்கே ஆள் வந்தோ ஓர் எழுத்து தெரியாமல் போனால், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதக் கூடாது. கோடு இருந்தால் பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தப்பு எழுத்து இருந்தால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு பழக்கம் என்னுடையது மட்டும். வண்டி ஓடும்போது எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுவேன். வேறெங்கும் என் குரல் அப்படி எழும்பியதில்லை. எஞ்சின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம்தான்.

தொண்டர் படையில் நான் சேர்ந்ததும் இந்தக் கூச்சத்தால்தான் என்றால் சிரிப்பீர்கள். ரயில்வே ஆட்கள் சிலர் சேர்ந்திருந்தார்கள். வாரம் ஒரு நாள் சாயங்காலம் காக்கி உடுப்போடு திடலில் பயிற்சி. எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி கால் வைத்து நடந்தார்கள். அந்த வரிசையில் நின்றால் என்னை யாரும் தனியாகப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். விண்ணப்பத்தாளில் எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒரு கேள்வி. தெரியும் என்றேன். எந்த மொழி என்று அவர்கள் கேட்கவில்லை.

அதே யார்டில் வண்டிகளைக் கோத்துப் பிரிக்கும் வேலையில் இருந்த என் அண்ணன், செய்தி கேட்டுக் குவாட்டர்ஸ் முழுவதும் கேட்கும்படி சிரித்தான்.

"கடைக்குப் போயி உப்பு கேக்க வெக்கப்படுவான். இவன் சண்டைக்குப் போறானாம். டேய், பட்டாளத்துல ஒனக்கு வெங்காயம் உரிக்கிற வேலதான் குடுப்பானுங்க, எழுதி வெச்சுக்க."

எங்கள் குவாட்டர்ஸ் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு கிராணி இருந்தார். ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை. மாதா கோயிலில் இங்கிலீஷில் வாசகம் படிப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரும் படையில் இருந்தார். சிக்னல் பிரிவில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. வருடாந்தர முகாமில் பரீட்சை வைத்து எடுப்பார்கள். அதற்காகத் தந்தி எழுத்துகளைப் பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் இத்தனை குறில் தட்டு, இத்தனை நெடில் தட்டு என்று அட்டையில் போட்டிருக்கும். பழகுவதற்கு எதிரில் உட்கார்ந்து தட்ட ஓர் ஆள் வேண்டும். அவருக்கு நான் கிடைத்தேன்.

"நீ அட்டையப் பாத்துத் தட்டு தம்பி, போதும். அர்த்தமெல்லாம் ஒனக்கு வேணாம். அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

வேலை முடிந்து வந்ததும் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து, பிஸ்கட் டின்னில் கரண்டியால் தட்டுவேன். பழைய இங்கிலீஷ் பேப்பர் ஒன்றை முன்னால் விரித்து, அதில் உள்ளதை எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டே போவேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். பாதிச் சொல்லிலேயே கண்ணைத் திறந்து முழுச் சொல்லையும் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நான் கடைசி எழுத்து வரை தட்டித்தான் ஆக வேண்டும், அவருக்கோ அது தேவையே இல்லை. இரண்டு மாதத்தில் எனக்கு அட்டை தேவைப்படவில்லை. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், அட்டையை மடியில் வைத்துக்கொண்டே தட்டினேன்.

முகாம் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் பக்கத்தில், கடலை நோக்கிய ஒரு சரிவில் நடந்தது. ரயிலில் கிள்ளானைத் தாண்டியதும் உப்புக் காற்று வந்தது. பத்து நாள். முகாம் முடியும் ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பில், புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் யார் எந்தப் பிரிவு என்று பட்டியல் வாசிப்பார்கள். அதில் வருவதுதான் பிறகு படையில் இருக்கும்வரை நம் வேலை.

முதல் நாள் காலையே என் கதை முடிந்தது போலிருந்தது. வரிசையில் நிறுத்தி, இடமிருந்து ஒவ்வொருவரும் தம் எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் பதினேழாவது ஆள். பதினாறு பேரின் குரலும் பட் பட்டென்று வந்து என்னிடம் நின்றது. நான் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

சார்ஜன்ட் என் முன்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமல் கேலி செய்வார்.

"என்ன தம்பி, பதினாறுக்குப் பிறகு பதினெட்டோ? உங்கட பள்ளிக்கூடத்தில அப்பிடித்தானோ படிப்பிச்சவை?"

மறுபடியும் சொன்னேன்.

"பக்கத்தில நிக்கிறவனுக்கே கேக்கேல்லை. எதிரி வந்தா என்ன செய்வாய்? எங்கட காதுக்குக் கிட்ட வந்து இரகசியமாச் சொல்லுவியோ?"

வரிசை சிரித்தது. மூன்று முறை எண்ண வைத்தார். மூன்று முறையும் எண்ணிக்கை என்னிடம் வந்து செத்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் என்னைச் சமையல் கூடாரத்துக்கு அனுப்பிவிட்டார். "இப்போதைக்கு அங்க நில். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்லயும் அப்பிடியே போட்டுவிடுறன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்.

படைச் சமையல்காரரைப் பண்டாரி என்று கூப்பிடுவோம். எங்கள் பண்டாரி பண்டமாரான்காரர், நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து, "ஏன்லா அழுவுற மாதிரி இருக்கே? வெங்காயம் இன்னும் எடுக்கவே இல்லியே" என்றார். சமையல் கேவலமான வேலை என்று நான் நினைக்கவில்லை. அண்ணன் சொன்ன சொல் அப்படியே பலித்ததுதான் உறுத்தியது. சின்ன வயதிலிருந்து என்னைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் பலித்துக்கொண்டே இருந்தது. ஒரு முறையாவது பலிக்காமல் போக வேண்டும் என்றுதான் இந்தக் காக்கி உடுப்பையே போட்டேன்.

சிக்னல் பரீட்சை வெள்ளிக்கிழமை காலை. ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேரும் ஆபீஸ் கிராணிகள், இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர்கள். இருவர் இருவராக மூன்று ஜோடி. ஒருவர் விளக்கைப் பார்த்து எழுத்தைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எழுத வேண்டும். பார்க்கிறவர் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு ஜோடி பேசுவது இன்னொரு ஜோடிக்குக் கேட்காதபடி சரிவில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். எங்கள் கிராணி போகிற வழியில் என்னைப் பார்த்து, "தம்பி, ஒன் பிஸ்கட் டின்னு புண்ணியம். சாயங்காலம் நல்ல செய்தி சொல்றேன்" என்றார்.

விளக்கு தண்ணீருக்கு அந்தப் பக்கம், மரப் பாலத்தின் முனையில் இருந்தது. பட்டப்பகலிலும் தெரியும் விளக்கு. நான் சோற்று அண்டா பக்கத்தில் நின்றிருந்தேன். கொதி வரத் தொடங்கியதால் மூடியை எடுத்து விறகின்மேல் சாய்த்து வைத்திருந்தேன். விளக்கு மினுக்கத் தொடங்கியது.

அதுவரை நான் தட்டுச் சத்தம்தான் கேட்டிருந்தேன், விளக்கில் பார்த்ததில்லை. முதல் இரண்டு மினுக்கல் போயின. மூன்றாவதில் கரண்டி தட்டுகிற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது; மூன்றும் சேர்ந்து ஓர் எழுத்தாயின. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. யார்டில் வண்டிமேல் குறி போடும் சுண்ணக்கட்டி எப்போதும் பையில் இருக்கும். எழுதத் தாள் எதுவும் இல்லை. அண்டா மூடி கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தேன்.

ஆர். ஏ. ஐ. என். எக்ஸ். கொஞ்சம் நிறுத்தம். ஈ. வி.

வண்டி வண்டியாக வருவது போல எழுத்துகள் வந்தன. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் சோறு பொங்கியது. விறகை வெளியே இழுத்துவிட்டுத் திரும்பியபோது, ஐந்து ஐந்தாக வந்துகொண்டிருந்ததில் இரண்டுதான் கிடைத்தது; மூன்று எழுத்து போயிருந்தது. மூன்று கோடு போட்டேன். மிச்சத்தையும் எழுதி முடித்தேன். பிறகு வெங்காயத்துக்குப் போனேன். யாரிடமும் காட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மேலே, பரீட்சை வைத்த வெள்ளைக்கார அதிகாரியான துரையின் குரல் உயர்ந்தது. நடந்ததைப் பிறகு கிராணியே என்னிடம் சொன்னார். அந்தச் செய்தியில் அர்த்தமே கிடையாதாம். போர்க்களத்தில் செய்தியை மறைத்து அனுப்புவதுபோல, துரை எழுத்துகளைக் கலைத்து ஐந்து ஐந்தாக அனுப்பியிருந்தார். அப்படி வரும் என்று முன்னால் சொல்லவில்லை. முதல் நாலு எழுத்தைச் சேர்த்தால் இங்கிலீஷில் மழை என்று வருமாம். அது அவர் வேண்டுமென்றே வைத்தது. அன்று கிள்ளான் பக்கம் வானம் வேறு கறுத்திருந்தது. கிராணி மழை என்று சொல்லிவிட்டார். அடுத்து எக்ஸ் வந்ததும், அதற்கு முன்னால் ஓர் ஈ விட்டுப்போயிற்று என்று வைத்துக்கொண்டு, மழை எதிர்பார்க்கப்படுகிறது என்பதற்கான இங்கிலீஷ் சொல்லாக மீதியை அவரே முடித்துவிட்டார். பிறகு வந்தது எதுவும் அதில் பொருந்தவில்லை. பொருத்திப் பார்ப்பதற்குள் பத்து எழுத்து போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், மற்ற இரண்டு ஜோடியும் மழையைத்தான் எழுதியிருந்தன. ஒரு ஜோடி சாயங்காலம் என்பதையும் சேர்த்திருந்தது.

சார்ஜன்ட் தேநீர் கேட்டுச் சமையல் கூடாரத்துக்கு வந்தார். கையில் துரையின் தாள்.

"ஆறு பேர் இங்கிலீஷ் படிச்சவங்கள். ஒருத்தருக்கும் எழுத்துத் தெரியேல்லை. எல்லாருக்கும் காலநிலைதான் தெரியுது" என்று பண்டாரியிடம் சொல்லிக்கொண்டே பெட்டிமேல் உட்கார்ந்தார். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அண்டா மூடி அவருக்கு நேர் எதிரில் இருந்தது.

தாளைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். மொத்தம் நாற்பது எழுத்து. மூடியில் முப்பத்தேழு எழுத்தும் மூன்று கோடும்.

"இது ஆர் எழுதினது?"

பண்டாரி என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"தாளை எங்கயாவது பாத்தியோ?"

"இல்லீங்க சார்ஜன்ட். விளக்கப் பாத்தேன்."

"இந்தக் கோடு என்னத்துக்கு?"

"சோறு பொங்கிச்சுங்க. வெறக இழுத்தேன். அப்ப வந்தது தெரியல."

"தெரியாட்டி ஊகிச்சு எழுதலாம்தானே?"

"வண்டில தெரியலன்னா கோடுதான் போடுவோம் சார்ஜன்ட்."

அவர் தேநீரை வைத்துவிட்டு, மூடியைத் தூக்கிக்கொண்டு துரையிடம் போனார். சுண்ணம் அழியாமல் இரண்டு கையாலும் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு போனார். "மூடி இல்லாம சோறு எப்படி வேகும்லா" என்று பண்டாரி பின்னாலேயே கேட்டது அவர் காதில் விழவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். துரை மூடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மலாயில்தான் கேட்டார். "சியாப்பா தூலிஸ்?" யார் எழுதியது என்று. "சாயா, துவான்" என்றேன். நான்தான் என்று சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ, என் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார். முப்பத்தேழு எழுத்தையும் விட்டுவிட்டு அந்த மூன்று கோட்டின்மேல் விரலை வைத்துச் சார்ஜன்ட்டிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் எனக்குத் தமிழில் சொன்னார்.

"கோடு இருந்தா திருப்பிக் கேக்கலாமாம். பிழையான எழுத்து இருந்தா ஆள் செத்துப்போவானாம். உனக்கு இதை ஆர் சொல்லித் தந்தது எண்டு கேக்கிறார்."

யார்டு என்றேன்.

துரை புதிதாக ஒரு தாளில் எழுதி, சைக்கிளில் ஓர் ஆளை மரப் பாலத்துக்கு அனுப்பினார். "லாகி சக்காலி" என்றார். இன்னொரு தடவை. சார்ஜன்ட் எனக்குப் பின்னால் பென்சிலோடு உட்கார்ந்தார். ஆறு கிராணிகளும் சுற்றி நின்றார்கள். பண்டாரியும் கரண்டியோடு வந்துவிட்டார்.

"இஞ்ச பார்" என்றார் சார்ஜன்ட். "விளக்கு என்ர கண்ணுக்குத் தெரியாது. நீ சொல்லுறதைத்தான் நான் எழுதுவன். கேக்காட்டி எழுதமாட்டன். நீ எழுத்தைச் சரியாப் படிச்சும் வாய் திறக்காட்டி, ஞாயிற்றுக்கிழமை நீ வெங்காயம்தான்."

சைக்கிள் போய்ச் சேருகிற வரை காத்திருந்தோம். என் முதுகில் இத்தனை பேரின் கண்ணும் இருப்பது சட்டை ஈரம்போலத் தெரிந்தது. விளக்கு எரிந்தது. முதல் எழுத்தைச் சொன்னேன்.

"கேக்கேல்லை" என்றார் சார்ஜன்ட். "ஒரு கோடு போட்டாச்சு."

இரண்டாவது எழுத்து வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு முன்னால் முகமே இல்லை. தண்ணீர், சதுப்பு மரங்கள், அதற்கு அப்பால் ஒரு வெளிச்சம். பார்க்கிறவன் கண்ணைத் திருப்பக் கூடாது என்பது சட்டம். திரும்பிப் பார்க்க வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம், பார்க்கவே கூடாது. யார்டில் ஓடும் வண்டிக்கு முன்னால் நிற்பது போலத்தான் இது. எஞ்சின் இரைச்சல் ஒன்றுதான் குறைவு. அதுவும் கேட்பதாக வைத்துக்கொண்டேன். அந்த இரண்டாவது எழுத்தை வண்டிக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

பக்கத்து மரத்திலிருந்து இரண்டு காகம் எழுந்து போனது.

அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. வந்ததையெல்லாம் சொன்னேன். அர்த்தம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாமே ஒரே சரக்கு வண்டிதான். விளக்கு அணைந்த பிறகும் இன்னும் வருமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் தாள் கை மாறுகிற சத்தம் கேட்டது. துரை சிரிக்கிற சத்தம். திரும்பினால் முகங்கள் இருக்கும் என்பதால் திரும்பாமலே நின்றேன். கிராணிதான் வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"நாப்பதுல முப்பத்தொம்பது சரிடா" என்றார். "முதல் எழுத்து மட்டும் கோடு. பாவி, அட்டைய மடியில வெச்சுக்கிட்டு என்னய ஏமாத்திட்டியே."

"சொல்ல வெக்கமா இருந்துச்சுண்ணே."

"வெக்கமா. அங்க பாரு, அந்த சத்தத்துல பண்டாரி கரண்டியக் கீழ போட்டுட்டாரு."

துரை அண்டா மூடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முகாம் முடிகிறவரை சிக்னல் கூடாரத்தின் வாசலில் சாய்த்து வைத்திருந்தார், பழகுகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று. பண்டாரி பலகையால் சோற்றை மூடிவைத்து, தினமும் அதன் பக்கமாகப் போய்ப் பெருமூச்சு விட்டுவிட்டு வந்தார்.

இரண்டாவது இடத்துக்கு யாரை எடுப்பது என்று சார்ஜன்ட் என்னிடமே கேட்டார். வந்த செய்தியை எழுத, அனுப்பும் செய்தியை இங்கிலீஷில் அமைக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் கிராணியைச் சொன்னேன். நான் படிக்க, அவர் எழுத. "நான் கடைசி எழுத்துச் சொல்ற வரைக்கும் அவர் ஒண்ணும் முடிக்காம இருந்தாப் போதும்" என்றேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் கேலி அது. சார்ஜன்ட் அன்றுதான் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் அணிவகுப்பு. அண்ணன் யார்டு ஆட்களோடு விடுமுறை ரயிலில் வந்து, திடலின் ஓரத்தில் நின்றான். பட்டியலில் பெயரும் பிரிவும் வாசிக்க வாசிக்க, அவனவன் ஓர் அடி முன்னால் வந்து குரல் கொடுக்க வேண்டும். சார்ஜன்ட் என் பெயரைப் படித்தார். சிக்னல் என்றார். படித்துவிட்டுத் தாளிலிருந்து கண்ணை எடுத்துக் காத்திருந்தார். ஐம்பது முகம் என் பக்கம் திரும்பியது.

நான் அவர் தலைக்கு மேலே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், விளக்கு இருக்கும் இடத்தைப் பார்த்தேன். ஓர் அடி முன்னால் வந்தேன். குரல் கொடுத்தேன்.

சார்ஜன்ட் தாளில் ஒரு குறி போட்டுக்கொண்டார்.

"கேட்டுது" என்றார். "பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் கேட்டிருக்கும்."

பிரிக்பீல்ட்ஸ் திடலின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. என் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வெங்காயத்தைப் பற்றி அதன்பிறகு அவன் பேசியதில்லை.